ஏழாம் இடத்தில் இருந்த பெயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பித் தொழிற்சாலை. அங்கே கணினிப் பிரிவில் சேர்ந்த உமைராவுக்கு வந்த முதல் பெரிய வேலை, பணி நிரந்தரம் பெறப்போகிற ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியலைக் காட்டும் வலைப்பக்கம். ஜாவாஸ்கிரிப்ட் கணினி மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு.

"நாலாவது ஆளும் ஏழாவது ஆளும் வேலைய உட்டுட்டுப் பூட்டாங்கமா. எட்த்துட்டு பிரிண்ட் குடு" என்றார் அதிகாரி ஆதிநாராயணன்.

இரண்டு பெயருக்கும் டிக் அடித்து, நீக்கும் பட்டனை அழுத்தினாள். அவள் எழுதிய புரோகிராம் பெயரைப் பார்க்காமல் வரிசை எண்ணை மட்டும் பார்த்து, மேலிருந்து கீழாக அழித்துக்கொண்டு போனது. நாலாவது பெயர் போனதும் கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஓரிடம் மேலே ஏறினார்கள். ஏழில் இருந்த ஜோசப் ஆறுக்குப் போய்த் தப்பித்தான். எட்டில் இருந்த கங்கம்மா ஏழுக்கு வந்து மாட்டினாள். கீழிருந்து மேலாக அழித்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அச்சடித்த தாளை ஒரு தடவை வாசித்துப் பார்க்கவாவது செய்திருக்கலாம், மகராசி! அதையும் செய்யவில்லை. அன்றே கையெழுத்தாகி, தாள் கேட்டில் ஒட்டப்பட்டது.

கேட்டில் பெயர் இல்லாதவர்கள் அங்கே யாரையும் எதுவும் கேட்பதில்லை. டோக்கனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்பது வருடம் கம்பிக் கட்டுகளுக்கு அட்டை கட்டிய கங்கம்மாவும் அப்படித்தான் போனாள். தினமும் மீஞ்சூரிலிருந்து உமைராவோடு ஒரே ரயிலில் வருகிறவள்; பட்டியல் போடுவது உமைராதான் என்று தெரிந்தவள். நாலைந்து நாள் காணோமே என்றபோதும், உடம்புக்கு முடியவில்லை போல என்று உமைரா விட்டுவிட்டாள்.

நிரந்தரமான ஜோசப் வேலைக்கே வரவில்லை என்று பத்தாம் நாள் பேச்சு கிளம்பியபோதுதான் உமைராவுக்கு உறைத்தது. ஜோசப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் கங்கம்மாவை வைக்க ஒரு வரி போதுமாக இருந்தது. திரையில் எல்லாம் சரியாகிவிட்டது.

ஆதிநாராயணன் உதட்டைப் பிதுக்கினார். "ஆர்டர் போட்டாச்சிமா. காலி எடத்துக்கு வேற ஆளும் எட்த்தாச்சு. இனிமே ஒண்ணியும் பண்ண முடியாது."

அன்று மாலையே கங்கம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள் உமைரா. "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா?"

கங்கம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ போட்ட லிஸ்ட்டாச்சே கண்ணு. நீயே எட்த்துட்டன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். கேட்டா உனக்குச் சங்கடமாப் பூடும்னுதான், உன் கண்ணுல படாமலே இருந்துட்டேன்."