அடிப்படை ஆண்டு

அலுவலகத்தில் யாராவது என்னைப் புத்திசாலி என்று சொன்னால் நம்பாதீர்கள். பல வருடம் நம்பி ஏமாந்தவன் நானே.

ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. பூமி சூடாகிறது, ஆகவே ஒவ்வொரு அரசு அலுவலகமும், இந்த ஆண்டு எவ்வளவு கரியமில வாயு வெளியிடுகிறதோ, அதில் ஐந்தில் ஒரு பங்கை அடுத்த ஆண்டு குறைக்க வேண்டும். தவறினால் மேலாளர் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் மேலாளருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"இருக்கிறதே நாலு ஃபேன், எட்டு லைட்டு. இதுல எதைய்யா குறைக்கிறது?"

"குறைக்கணும்னா முதல்ல கூட்டணும் சார்," என்றேன்.

இந்த ஆண்டுதானே கணக்குக்கு அடிப்படை? இந்த ஆண்டு புகையை அள்ளி விடுவோம், அடுத்த ஆண்டு நிறுத்திவிடுவோம். பூமியைக் காப்பாற்ற நான் கண்டுபிடித்த வழி இது. மேலாளர் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பின்பக்கம் சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டித் தகரக் கொட்டகையில் ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. அதை இயக்கியவர் என் தங்கையின் கணவர். நான்தான் அந்த ஒப்பந்த வேலையில் சேர்த்துவிட்டேன். இடைவெளி இல்லாமல் ஐந்து வருடம் முடித்தால் நிரந்தரமாக்குவார்கள். அப்போது மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

"கரன்ட் இருக்கும்போதே எதுக்கு மச்சான் ஓட்டணும்?"

"மேலிடத்து உத்தரவு மாப்ள. பேசாம ஓட்டுங்க."

ஓட்டினார். வருடம் முழுக்க, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. சாயங்காலம் அவர் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகும். நானோ டீசல் பதிவேட்டில் லிட்டர் ஏற ஏற, ஏதோ பிள்ளை பரீட்சையில் மார்க் வாங்குவதைப்போலப் பூரித்துப்போனேன்.

அடுத்த ஆண்டு ஜெனரேட்டரைத் தொடவே இல்லை. கரன்ட் போன நாட்களில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கோப்புகளால் விசிறிக்கொண்டோம். மனு கொடுக்க வந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னோம். மாப்பிள்ளை தினமும் வந்து, ஓடாத இயந்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார்.

ஆண்டு முடிந்ததும் அறிக்கையை நானே எழுதினேன். எழுபது சதவீதம் குறைப்பு! அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? 'இவ்வாண்டில் ஜெனரேட்டர் ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். படித்துப் பார்த்து, நல்ல வரி என்று நானே மெச்சிக்கொண்டேன்.

விருது கொடுத்தார்கள். மேலாளர் மேடையேறினார், நான் கீழே நின்று கை தட்டினேன். பத்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம். ஒரு நாள்கூடத் தேவைப்படாத ஜெனரேட்டரை உடனே அகற்றவும். இயக்குபவரை மாத இறுதியில் விடுவிக்கவும். ஐந்து வருடம் முடிய அவருக்கு மூன்றே மாதம் இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் தங்கை குடும்பத்துக்கு வைத்தேன், அதுவும் அரசாங்கச் செலவில்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார், தங்கையும் கூட வந்தாள். கையில் வெள்ளைத்தாள் நான்கு.

"ஒரு மனு எழுதிக் கொடுங்க மச்சான். உங்களை மாதிரி எழுத எங்களுக்கு வராது. ஒரு நாள்கூடத் தேவைப்படலைன்னு எவனோ எழுதி விட்டிருக்கான். அதை மறுத்து எழுதணும்."

"அவன் நல்லாவே இருக்க மாட்டான்," என்றாள் தங்கை.

தலைமை அலுவலகத்தில் எவனோ ஒருவன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் அந்தத் தாள்களை என் முன்னால் அடுக்கி, பறக்காமல் இருக்கத் தன் உள்ளங்கையை மேலே வைத்திருந்தார்.

"நான்தான் மாப்ள எழுதினேன்," என்றேன்.

தங்கை என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கையை எடுத்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"அப்போ எத்தனை நாள் கரன்ட் போச்சுன்னு உங்களுக்குத்தானே தெரியும். எழுதுங்க. கீழே உங்க கையெழுத்தையும் போடுங்க."