ஓடி வந்தவன் கொள்ளி

ஆதார் அட்டையைத் தேடித்தான் சந்தியா அப்பாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். பிணம் எடுப்பதற்குள் பஞ்சாயத்து ஆபீசில் ஜெராக்ஸ் கொடுக்க வேண்டுமாம். செத்த மனிதரிடமும் அடையாளம் கேட்கிற காலம். வெளியே மேளம் விட்டுவிட்டு அடித்தது. பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா வெங்கடாசலம் படுத்திருந்தார். எண்பத்து நாலு வயது, முகத்தில் அதே முறைப்பு.

பெட்டி முழுக்க அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள். டெல்லிக்கு, சென்னைக்கு, ரங்கூனுக்கு. நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்து பர்மா யுத்தத்தில் செத்துப்போன தன் தகப்பன் தாண்டவராயன் எந்தப் படைப்பிரிவு, எந்த ஆற்றங்கரையில் விழுந்தார் என்று காலமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருத்தனும் பதில் போடவில்லை என்பார். 1964-ல் பர்மாவிலிருந்து தாயோடு கப்பலில் வந்து இறங்கி, மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் பாத்தி மிதித்தவருக்கு, சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு தகப்பன்தான். ஊருக்கும் அது போதுமாக இருந்தது. ஆகஸ்ட் பதினைந்தானால் பள்ளிக்கூடத்தில் 'தியாகி மகன்' என்று முதல் வரிசையில் நாற்காலி போடுவார்கள்.

அந்தத் தியாகியின் பேரைச் சொல்லித்தான் பிரபாகரனை வீட்டை விட்டுத் துரத்தினார். சந்தியாவின் தம்பி அவன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ராணுவத்தில் சேர்ந்தான். ஐந்து மாதம் பயிற்சியில் இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்துவிட்டான். "முடியலப்பா" என்று மட்டும் சொன்னான். அப்பா அவன் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தார்.

"எங்கப்பன் பேரைக் கெடுக்க வந்தியாடா? ஓடி வந்த நாய்க்கு இந்த வீட்டுல சோறு கிடையாது."

அம்மா செத்தபோதுகூட எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனான். பொம்மையார்பாளையத்தில் ஒயரிங் வேலை செய்து பிழைக்கிறான். கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் இந்தச் சேதி அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்று காலை பைக்கில் வந்து இறங்கினான். வரும் வழியில் கீழ்புத்துப்பட்டு சலூனில் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டிருந்தான். கொள்ளி வைக்கிற மகன் சுடுகாட்டில் செய்துகொள்கிற காரியம் அது. யாரும் கூப்பிடாமலே செய்துகொண்டு வந்து நின்றவனைப் பார்த்ததும் காசிலிங்கம் மாமா பந்தலை விட்டு வெளியே வந்தார். அம்மாவின் தம்பி, அம்மா போன பிறகு இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்நிற்பார்.

"யாருடா உன்னை மொட்ட அடிச்சிக்கினு வரச் சொன்னது? உன் கையால கொள்ளி வேணாம்னு உங்கப்பா சொல்லிட்டுப் போயிட்டாரு. ஐயப்பன் வைப்பான்."

ஐயப்பன் சந்தியாவின் புருஷன். அவன் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டான். பிரபாகரன் திரும்பி நடந்தான். எதிர்ச்சாரிக்கு, அந்தப் பழைய இடத்துக்கே போய் நின்றான். வெயில் மொட்டைத் தலையில் அடித்தது.

ஆதார் அட்டை பெட்டியின் அடியில் ஒரு பாலிதீன் கவரில் இருந்தது. அதோடு ஓர் ஏர்மெயில் உறை. பர்மா ஸ்டாம்பு, 1993. உள்ளே நடுக்கமான தமிழ்க் கையெழுத்து.

'ஐயா, உங்கள் தகப்பனாரோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன் நான். அவர் குண்டடிபட்டுச் சாகவில்லை. மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க உத்தரவு வந்த அன்று துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். யுத்தம் முடிந்து ஆறாம் வருஷம் மோல்மீன் பட்டணத்தில் ஓர் அரிசி மில்லில் பார்த்தேன். வேறு பெண்டாட்டி, இரண்டு பிள்ளை. உங்கள் தாயாரைப் பற்றிக் கேட்டேன். எந்த முகத்தோடு போவேன் என்று அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நானும்தான் பயந்தேன். எனக்கு ஓட வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.'

சந்தியா இரண்டு தரம் படித்தாள். 1993-ல் தம்பிக்கு ஆறு வயது. அப்படியென்றால் பையைத் தூக்கி எறிந்த அன்றும் அப்பாவுக்குத் தெரியும். அம்மா முகத்தைப் பார்க்க விடாமல் வாசலை மறித்த அன்றும் தெரியும். அவர் எழுதிய கடிதங்களின் தேதியைப் பார்த்தாள். 2004, 2007, 2011. பதில் வந்த பிறகும், பதில் வரவில்லை என்று ஊருக்குக் காட்ட எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார், பாவி மனுஷன்!

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்க."

காசிலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத வேற யாரு பார்த்தாங்க?"

"நான்தான்."

"கிழிச்சிப் போட்டுடு. ஹெட்மாஸ்டர் மாலையோட வந்து உக்காந்துக்கினு இருக்குறாரு. பொணத்த வெச்சிக்கினு அசிங்கம் பண்ணாத."

"அசிங்கம் இனிமேதான் வரணுமா? அதோ, வெயில்ல நிக்கிது பாருங்க. பதினெட்டு வருஷமா நிக்கிது."

"செத்தவரு வாக்கும்மா அது."

"செத்தவரு யோக்கியதைய இப்பத்தானே படிச்சீங்க? தம்பிதான் கொள்ளி வைக்கணும். இல்லன்னா ஹெட்மாஸ்டர் பேசுற அதே மைக்குல இத நான் படிப்பேன்."

படிப்பாள் என்று அவருக்குத் தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவள் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் வந்தாள். மாமா மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. தியாகி மகன், எங்க மாமா வெங்கடாசலம், நேத்து சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. புள்ளைய மன்னிச்சிட்டேன், அவனே கொள்ளி வைக்கட்டும்னாரு. துக்கத்துல மறந்துட்டேன்."

சந்தியா திகைத்து நின்றாள். இப்படி ஒரு பொய்யைச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லையே. "என்னா பெரிய மனசு!" என்றார் யாரோ. ஹெட்மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரபாகரன் ரோட்டைக் கடந்து வந்து ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்தான். "அப்பா, அப்பா" என்று தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவனைப் பிரித்தெடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கும் முன் அக்காவிடம் வந்தான்.

"நெஜமாவாக்கா? மன்னிச்சிட்டாரா? வேற என்னா சொன்னாரு?"

கடிதம் இடுப்பில் உறுத்தியது. எடுத்துக் கொடுத்தால் இந்த நிமிஷமே அவன் தலை நிமிரும். சட்டியை எட்டி உதைத்துவிட்டுப் போனாலும் போவான், போகட்டுமே, நியாயம்தானே. ஆனால் மீசையில்லாத அந்த முகத்தில் அவள் என்றைக்கும் பார்த்திராத ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"உன்னைத்தான் கேட்டுக்கினே இருந்தாருடா" என்றாள்.

அவன் தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அவரு மேல தப்பே இல்லக்கா. ஓடி வந்தது நான்தானே. தாத்தா மாதிரி ஒரு மனுஷன் பொறந்த குடும்பத்துல."

சந்தியா வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

தெருமுனையோடு பெண்களை நிறுத்திவிட்டார்கள். பாடை உப்பளச் சாலையில் திரும்பியது. அதற்கு முன்னால் கொள்ளிச்சட்டியோடு பிரபாகரன் போனான். முதுகை நிமிர்த்தி, மேளத்தின் அடிக்கு இடது காலும் வலது காலுமாக வீசி வைத்து, ஐந்து மாதம் பழகிய நடையில் போனான்.