ஓசெல்லாவின் பதினோராவது பாட்டு

1

உலக இசை வரலாற்றையே புரட்டிப்போடப் போகும் ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். வாசகர்கள் விரும்பினால் எழுந்து நிற்கலாம். எழுபத்தெட்டு வயது புளூஸ் பாடகி ஓசெல்லா தன் கடைசி ஆல்பத்துக்கான கடைசிப் பாட்டை, பதினோராவதை, பாட ஸ்டுடியோவுக்குள் நுழைகிறார்.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஊரான கிளார்க்ஸ்டேலின் கடைத்தெருவில் பொரித்த கெளுத்தி மீனுக்கு வரிசையில் நின்றபோது, அவர் புருஷன் லான்சோவை ஒருவன் சீண்டினான்: "என்ன பெரிசு, இன்னும் ஊரை விட்டுப் போகலியா?" வரிசையே சிரித்தது. கதை அங்கே பிறந்தது.)

2

முதல் வரி: 'புருஷன் விட்டுப்போன துயரம் அவள் தொண்டையில் ஒரு...'

அடித்துவிட்டேன். அந்தப் புருஷன் போன வேகத்தில் திரும்பி வந்து, நாற்பத்தாறு வருஷமாக அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறார். ஆனால் லான்சோ பஸ் ஏறி ஓடிப்போனதாகப் பாடிய பாட்டுதான் ஓசெல்லாவுக்குப் பேர் வாங்கித் தந்தது. அது இல்லாமல் ஆல்பமே இல்லை என்கிறார் தயாரிப்பாளர் டெரெக்.

3

சிக்கல் முழங்காலில். இடது குதிகாலால் பலகையைத் தட்டிக்கொண்டேதான் ஓசெல்லா பாடுவார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கால் எழுவதில்லை. டெரெக் பிடித்துவந்த டிரம்மர் பன்னிரண்டு தாளக்கட்டு எண்ணி அடுத்த சரணத்துக்குத் திரும்புகிறான். ஓசெல்லா மனசு வந்த இடத்தில் திரும்புவார். சில நாள் பதிமூன்றில், சில நாள் பதினொன்றரையில். அந்த இடம் தெரிந்த கால் உலகத்தில் இன்னும் ஒன்றுதான் உண்டு. அது லான்சோவினுடையது.

('வலியே புளூஸின் ஆன்மா' என்று இங்கே அரைப்பக்கம் எழுதியிருந்தேன். டெரெக்கும் அதையே சொன்னதால் கிழித்துப் போட்டேன்.)

4

லான்சோ பலகையில் காலை வைத்தார்; தட்டவில்லை.

"நான் திரும்பி வந்தேன்னு ஒரு சரணம் சேர்த்துப் பாடு. அப்பத்தான் தட்டுவேன்."

"வந்துட்டான்னு பாடினா அது புளூஸா? கல்யாணப் பாட்டுய்யா அது."

"ஊரே சிரிக்குதுடி. சாகறதுக்குள்ள ஒருவாட்டி நானும் நல்லவனா இருந்துட்டுப் போறேனே."

டெரெக் உருகினார். "அம்மா, அந்தச் சரணம் அற்புதமா..."

"நீ சும்மா இரு, தம்பி. எங்க சண்டைக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி."

பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, லான்சோ பக்கம் குனிந்தார்.

"சரி, பாடறேன். நீ ஏன் திரும்பி வந்தேன்னும் சேர்த்துப் பாடட்டுமா?"

லான்சோ தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடினார்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். நாப்பத்தாறு வருஷமா உன் மானத்தைக் காப்பாத்திக்கிட்டிருக்கேன், கிழவா. தட்டு."

5

சிவப்பு விளக்கு எரிந்தது. குதிகால் விழுந்தது. பழைய சரணங்கள் முடிந்து, பதிமூன்றாவது தாளக்கட்டில் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். ஓசெல்லா மூச்சை இழுத்தார். லான்சோ தலை நிமிரவில்லை.

புதுச் சரணத்தைப் பாடினாரா, பழையதோடு நிறுத்திக்கொண்டாரா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான் அழுதேன், அதனால் இரண்டையும் நம்பவில்லை. உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். பிரிவின் மகத்துவம், திரும்பி வருதலின் பேரழகு என்று தத்துவம் ஏதாவது தேவைப்பட்டால் அதையும் நீங்களே...

ஓடிப்போகக் கிளம்பிய அன்றைக்கு லான்சோ பஸ்ஸைத் தவறவிட்டார்.