எப்சிபா திட்டாத ஆள்

எப்சிபா திட்டுவதற்கு யாரையும் விட்டுவைத்ததில்லை. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஆதிநாராயணன் நடத்திவந்த பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். சம்பளம் கொடுக்கிற முதலாளியையே, "ஒழுவுற கூரைக்கு ஒரு ஓடு மாத்த முடியல, நீங்கல்லாம் மொதலாளியா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவள். அங்கேயே வாட்ச்மேனாக இருந்த புருஷன் தமிழ்மணிக்குத் தினமும் உண்டு. பிரசங்கம் நீண்டுவிட்டால் போதகருக்கும் உண்டு. அவள் ஜெபம் பண்ணும்போது கேட்டால், பாலில் தண்ணீர் ஊற்றியவரிடம் சண்டை போடுகிறாள் என்றுதான் பக்கத்து வீட்டில் நினைப்பார்கள்.

கூட வேலை பார்த்த கொளஞ்சியப்பன் ஒருவரை மட்டும் அவள் திட்டுவதில்லை. அவரோ அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தேழில், அப்போது மண் பிசையும் மெஷினில் வேலை பார்த்த தமிழ்மணி அதற்குள் கையை விட்டு, அடைத்திருந்த மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் சுவிட்சைப் போட்டவர் கொளஞ்சியப்பன். வலது கையில் மூன்று விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் தமிழ்மணி அவருடைய வம்சத்தையே இழுத்து வைது தீர்த்தார். எட்டாம் நாள் இரண்டு பேரும் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். எப்சிபாதான் வராந்தாவில் நின்றுகொண்டு, "பரவால்லண்ணே. கர்த்தர் பாத்துக்குவாரு" என்றாள்.

அன்று தொடங்கிய தொல்லை இது. "தங்கச்சி, என்ன மன்னிச்சிட்டியா?" என்பார். "மன்னிச்சிட்டண்ணே" என்பாள். அடுத்த வாரம் குழாயடியில் மறுபடியும் கேட்பார். பஸ் ஸ்டாண்டில் கேட்பார். கிறிஸ்துமஸ் அன்று கேக்கை வாயில் வைக்கப்போகிற நேரத்தில் கேட்பார். விரலை இழந்தவர் கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க, இந்த மனுஷன் ஏன் என்னையே சுற்றுகிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

அதைவிடப் பெரிய எரிச்சல் கோயிலில். அவரும் அதே சபைதான். ஞானஸ்நானத்தில் மத்தேயு என்று பெயர் வைத்தார்கள். சபைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. விபத்து நடந்ததிலிருந்து அவர் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். திருவிருந்தில் அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். பாதிப்பேர் அவரைப் பார்ப்பார்கள், மீதிப்பேர் எப்சிபாவைப் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை போதகர் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழம திருவிருந்து இருக்குதும்மா. அவரு நாலு வருஷமா பந்திக்கி வரல. நீங்க முழு மனசா மன்னிச்சிருந்தா வந்திருப்பாருன்னு சபையில பேசிக்கறாங்க."

எப்சிபாவுக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. "மன்னிச்சிட்டேன்னு பத்தரம் எழுதி ரிஜிஸ்டர் ஆபீஸுல பதிஞ்சி குடுக்கட்டுமாங்கய்யா? நாலு வருஷமா இதையேதான சொல்லிக்கிட்டு இருக்கறேன்!"

"ஜெபம் பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். அந்த ஒரு வார்த்தை அவளை இன்னும் கிளப்பிவிட்டது.

கோபத்தை வேலையில் காட்டினாள். அன்று முயல் பொம்மை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையில், அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு வரப்பு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். முயலுக்குக் காதுதான் எமன். கொஞ்சம் அழுத்தினால் ஒடிந்துவிடும். சாயங்காலத்துக்குள் நாற்பது முயலை முடித்து, பலகையில் வரிசையாக வைத்தாள்.

சூளைக்குக் கொண்டுபோக வந்தவர் கொளஞ்சியப்பன். பலகையைத் தோளில் ஏற்றினார். இரண்டு அடி போனவர் நின்றார். போதகர் வந்துபோனது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"தங்கச்சி, நெசமாவே என்ன மன்னிச்சிட்ட..." என்று கேட்டுக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். பலகை தூணில் இடித்தது. நாற்பது முயலும் தரைக்கு வந்தன.

எப்சிபா எழுந்தாள்.

"யோவ்! கண்ண பொடனியிலயா வச்சிருக்க? காலையிலேருந்து எம்பது காது தொடச்சிருக்கேன்யா, எம்பது காது! அன்னிக்கும் பாக்கல, இன்னிக்கும் பாக்கல! பாத்துட்டு சுவிட்சப் போட்டிருந்தா எங்க வூட்டுக்காரரு கேட்டுல குந்திக்கிட்டு இருப்பாரா? நாலு வருஷமா அவருக்குச் சட்ட பட்டன் நான் போட்டு வுடுறேன்யா! மழ வந்தா இல்லாத வெரலு வலிக்குதுன்னு அழுவறாரு. இல்லாத வெரல நான் எங்கய்யா புடிச்சி வுடுறது? உன்ன நெனச்சா எனக்கு வயிறு பத்தி எரியுதுய்யா!"

இதை அவள் ஆண்டவரிடம்கூடச் சொன்னதில்லை.

கொளஞ்சியப்பன் உடைசல்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். நன்றாக அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊரையே திட்டுவ தங்கச்சி. என்னைய மட்டும் பரவால்லண்ணேம்ப. செத்துப்போனவங்கிட்ட பேசற மாதிரி இருக்கும்."

எப்சிபா காலடியில் கிடந்த ஒரு முயல் காதை எடுத்துப் பார்த்தாள். திட்ட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்குமோ என்ற பயத்தில்தான் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கர்த்தர் பார்த்துக்குவார் என்று அன்று சொன்னது ஆசீர்வாதமில்லை. அவரை நன்றாகக் கவனியும் என்று மேலே கொடுத்த புகார். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. 'இதச் சொல்லக் குடுக்க உமக்கு நாலு வருஷம் ஆச்சா?' என்று மனசுக்குள் ஆண்டவரையும் ஒரு பிடி பிடித்தாள்.

"குந்திக்கிட்டு அழுதா ஆச்சா? வாளிய எடுத்துக்கிட்டு வா. பச்ச மண்ணுதான, இன்னும் சூளைக்கிப் போவல. ஊறப்போட்டு மறுபடி அச்சுல ஊத்திக்கலாம். ஆனா காது பூரா நீதான் தொடைக்கணும், சொல்லிட்டேன்."

அவர் ஓடிப்போய் வாளி கொண்டுவந்தார். இரண்டு பேருமாகக் குனிந்து அள்ளினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எப்சிபாவும் தமிழ்மணியும் முன்னால் போய் முழங்காலிட்டார்கள். அவளுடைய இடது பக்கம் யாரோ தயங்கித் தயங்கி வந்து மண்டியிட்டார்கள். திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சியப்பன். நகக்கண்ணில் வெள்ளை மண் போகாமல் இருந்தது. போதகர் வலது பக்கக் கோடியிலிருந்து அப்பம் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, மன்னி..."

முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "இன்னும் என்னய்யா? வாயத் தொற. குடுக்கறத வாங்கிக்க."

தமிழ்மணிக்குக் கொடுத்துவிட்டு, போதகர் அடுத்து அவள் முன்னால்தான் வந்து நின்றார். எப்சிபா எதுவும் பேசாமல் வாயைத் திறந்தாள்.