சட்டை சீன்

எங்கள் நாடகக் குழுவில் எனக்குப் பெயர் ஆணி. செட் அடிக்கிறவன். வாயில் எப்போதும் நாலைந்து ஆணி இருக்கும், பேசினால் விழுந்துவிடும் என்று பேச மாட்டேன். பெயர் வைத்தவள் அக்கா. குழுவில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட.

அக்கா மேடைக்கு வந்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். எழுத்துக் கூட்டத் தெரியாத அந்தக் காலத்திலேயே அவள் வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம், தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டே வந்தது. ஆனால் நாடகம் வயிற்றை நிரப்பாது. சினிமாவில் ஒரு வேஷம் கிடைக்காதா என்று அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

அந்த வருஷம்தான் எங்கள் பாப்பா காய்ச்சலில் போனாள். ஒரே பிள்ளை. காய்ச்சல் விட்டுவிடும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று என் வீட்டுக்காரி அன்று காலையில்தான் அந்த மஞ்சள் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். பாப்பாவுக்குப் பெட்டியை நானே அடித்தேன். வேறொருவன் கை அதில் படுவதற்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி கொடியருகே வந்து, சட்டையின் கழுத்துப் பட்டையைப் பிடித்து ஊதினாள். பால் ஆற்றுவதுபோல ஊதினாள். தூக்க வந்தவர்களிடம், "சட்டை இன்னும் ஈரமா இருக்கு. காயட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அக்காதான் ஓடிவந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பொழுது சாயும்வரை பிடித்த கையை விடவில்லை.

"கூடப் பொறந்தவளுங்க வாசலோட திரும்பிட்டாளுங்க. அவங்கதான் என்கூட உக்காந்து அழுதாங்க" என்று என் வீட்டுக்காரி இன்றுவரை சொல்லுவாள். நடிகைகளைப் பற்றி யாராவது ஒரு மாதிரிப் பேசினால் தொலைந்தார்கள்.

அதற்குப் பிறகு செட் அடிக்க எனக்குக் கை வரவில்லை. கட்டட வேலைக்குப் போய்விட்டேன். அக்காவுக்கு சினிமா வந்தது. ஒரே படம், பெயர் எங்கேயோ போய்விட்டது. "அந்தச் சட்டை சீன் ஒண்ணு போதும்யா" என்று சாரத்தில் நின்றுகொண்டு ஆட்கள் பேசுவார்கள். யாரோ ஒருவன் சட்டையைப் பிடித்து நியாயம் கேட்கிற காட்சி என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கு அது நன்றாக வரும். நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. எந்தப் படத்தில் எந்தப் பிள்ளை அழுமோ என்று என் வீட்டுக்காரி கொட்டகைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

பிறகு அக்கா கதாநாயகனுக்கு அக்காவானாள், அம்மாவானாள், கடைசியில் செத்துப்போய்ச் சுவரில் போட்டோவாகத் தொங்கும் அம்மாவானாள். அப்புறம் கூப்பிடுவார் இல்லை. பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்து நடிப்புப் பள்ளி வைத்தாள். மேடை போட ஆள் தேடியபோது என் ஞாபகம் வந்திருக்கிறது.

"என்னடா ஆணி, வாயில இன்னும் ஆணி இருக்கா, இல்ல பல்லும் போச்சா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் வேலைக்குப் போனேன்.

மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஆடுகிற பலகைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலே பாடம் நடந்தது.

"ஒரு சாவு வீட்டுல உக்காந்திருந்தேன்" என்றது அக்காவின் குரல். "அழுதேன். ஆனா கண்ணு பாட்டுக்கு வேலை செஞ்சிட்டே இருந்துச்சு. அந்தத் தாய் ஈரச் சட்டைய எப்படிப் பிடிக்கிறா, எப்படி ஊதுறா... வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால நின்னு அதையே செஞ்சு பாத்தேன். நடிகைன்னா கண்ண மூடிட்டு அழக் கூடாது. எங்க, நீ வந்து ஊது."

ஒரு பெண் ஊதினாள்.

"பலூனாடி ஊதுற? சூடு ஆத்துற மாதிரி, மெதுவா."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவள் வந்தாள். அவளுக்கு அடுத்தவள். சட்டை இன்னும் ஈரமா இருக்கு. சட்டை இன்னும் ஈரமா இருக்கு. என் நெஞ்சுக்கு நேர் மேலே ஒவ்வொருத்தியாக வந்து நின்று சொன்னார்கள். வாயிலிருந்த ஆணியைத் துப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகள் கலைந்ததும் வெளியே வந்தேன்.

"அக்கா, அது என் வீட்டுக்காரி சொன்னது."

"ஆமா." அவள் மறைக்கவில்லை. "உனக்குத் தெரியும்னு நினைச்சேன். ஊருக்கே தெரிஞ்ச சீனாச்சே."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"ஞாயித்துக்கிழமை பள்ளி விழாவுக்கு அவள கூப்பிட்டிருக்கீங்க. வர்றேங்குறா. அன்னிக்கு மட்டும் அந்த சீன் வேணாங்க்கா."

"அவ பாக்கணும்டா. அவ வாய்ல வந்தத எத்தனை பேரு கேட்டு அழுதிருக்காங்க! எந்தத் தாய்க்குக் கிடைக்கும்?" என்றவள், என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "அத எடுத்துட்டா எங்கிட்ட என்னடா இருக்கு? சுவத்துல தொங்குற அம்மாதான்."

அதற்குமேல் அவள் என்னைச் சட்டை செய்யவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரி பெட்டியடியிலிருந்து நல்ல துணியை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். முதுகு வலிக்கிறது, போக வேண்டாம் என்றேன்.

"உங்க முதுகு வீட்டுல படுத்திருக்கட்டும். நான் போயிட்டு வர்றேன். அவங்க கூப்பிட்டு நான் போகாம இருப்பேனா?"

வாயில் ஆணி இல்லாமலே எனக்குப் பேச்சு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் துணிக்கொடியைக் கட்ட மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டதால் பிள்ளைகளே கட்டியிருந்தார்கள். அதில் மஞ்சள் சட்டை. அதைக் கண்டதுமே என் வீட்டுக்காரியின் சிரிப்பு நின்றது. மேடைப் பெண் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள், ஊதினாள். பக்கத்தில் இவளுடைய உதடும் குவிந்தது. சத்தமில்லாமல் இவளும் ஊதினாள். வசனம் முடிந்ததும் கூடம் அதிரக் கைதட்டினார்கள். இவள் கை மடியிலேயே கிடந்தது.

"தங்கச்சி!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அக்கா படியிறங்கி வந்தாள்.

என் வீட்டுக்காரி எழுந்திருக்கவில்லை. "அக்கா, அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்து அழுதீங்களா, இல்ல பாத்துட்டு இருந்தீங்களா?"

"அழுதேன் தங்கச்சி. சத்தியமா அழுதேன்." அக்காவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வந்தது.

சந்தேகமான நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோல என் வீட்டுக்காரி அந்தக் கண்ணீரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள்.

பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு என்கூட யாருமே இல்லையா?"

"நான் இருந்தேன்ல."

"நீங்க பெட்டி அடிச்சிட்டு இருந்தீங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அன்று யார் யார் எங்கே இருந்தார்கள் என்று மறுபடி முதலிலிருந்து நினைத்துப் பார்க்கிறவள்போலச் சொன்னாள்.