ரஜாய் போர்த்திய ஸ்கூட்டர்

ஜலந்தரில் ஜனவரி வந்துவிட்டால் குல்பூஷண் ஜீஜாஜியின் ஸ்கூட்டர் வீட்டுக்குள்தான் தூங்கும். அவர் என் அக்கா நீலத்தின் புருஷன். அக்கா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த ரஜாய், கனத்த பஞ்சுப் போர்வை, ஸ்கூட்டருக்கு. அக்காவுக்கும், அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்த எனக்கும் பழைய கம்பளி. பதிவு செய்து ஏழு வருஷம் காத்திருந்து வாங்கிய வண்டியாம். அதற்குக் குளிரக் கூடாதாம்.

இத்தனை உபசாரத்துக்கும் அது ஒருநாள்கூட ஒழுங்காகக் கிளம்பியதில்லை. மனிதரைப் போலவே வண்டி.

அன்று அக்காவுக்கு ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஒன்பது மணிக்குப் பிறகு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். மாமியாரிடம் மாதக்கணக்காகக் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள்.

"நான் தெருமுனையில ஆள் ஏத்தற டெம்போவுல போயிடறேனே" என்றாள்.

"ஸ்கூட்டர் வெச்சிருக்கறவன் பொண்டாட்டி காலிஃபிளவர் மூட்டையோட மூட்டையா போவாளா? தெருவே சிரிக்கும். ரெண்டு உதை உதைச்சா கிளம்பிடும்."

உதைத்தார். சோக்கை இழுத்துவிட்டு உதைத்தார். தள்ளிவிட்டு உதைத்தார். பெட்ரோல் நாற்றம் வாசலெங்கும் அடித்ததே தவிர வண்டி இருமக்கூட இல்லை. சத்தம் கேட்டுத் தெரு ஆண்கள் கூடினார்கள். அவர்களுக்கு இதைவிட என்ன வேலை?

"இடது பக்கம் சாய்ங்க பாஜி!" என்றார் சுபேதார் குர்தித் சிங்.

"பட்டாளத்துல ஒட்டகமா ஓட்டுனீங்க? வலது பக்கம்!" என்றார் மளிகைக்கடை திலக்ராஜ்.

இரண்டு பக்கமும் சாய்த்தார்கள், மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மாதிரி. பிறகு பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, நான் வைத்திருந்த டீயை இறக்கிவிட்டு, அடுப்பில் வாட்டினார்கள்.

"எட்டரை ஆகப்போகுதுங்க."

"சும்மா இரு நீலம். நீ பறக்கறதைப் பார்த்துத்தான் அது மிரளுது."

கடைசியில் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி படபடவென்று வெடித்து, தெரு முழுக்க நீலப் புகையைக் கக்கிக்கொண்டு, ஜீஜாஜியோடு பனிமூட்டத்துக்குள் மறைந்தது. ஆண்கள் கைதட்டினார்கள். தெருக்கோடிப் பூங்காவைச் சுற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தார்.

"ஓடி வந்து ஏறு! நிறுத்தினா அணைஞ்சிடும்!"

கஞ்சி போட்ட புடவையில் அக்கா ஓடினாள். ஒரு செருப்பு கழன்றது. வண்டி அவளைத் தாண்டிப் போய்விட்டது.

"பாபிஜி, இன்னும் கொஞ்சம் வேகமா ஓடணும்" என்றார் சுபேதார், அக்கறையாக.

ஜீஜாஜி மறுபடி வந்தார். மறுபடி கத்தினார். மறுபடி தாண்டிப் போனார். அக்கா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் தெருமுனைக்கு நடந்தாள். அங்கே வந்த டெம்போவுக்குள்ளிருந்து ஒரு கிழவி கை நீட்டி அவளை இழுத்து ஏற்றிக்கொண்டாள்.

அடுத்த சுற்றில் ஜீஜாஜி என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். "எங்க உங்கக்கா?"

"போயிட்டாங்க ஜீஜாஜி."

"எதுல?"

"டெம்போவுல."

அந்த இடத்திலேயே வண்டி அணைந்தது. அவர் இறங்கி, கூடியிருந்தவர்களிடம் இரண்டு கையையும் விரித்தார்.

"பார்த்தீங்களா? ஸ்டார்ட் ஆனதுக்கப்புறம் போறா! பொம்பளைங்களுக்குப் பொறுமையே கிடையாது."

எல்லோரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.