தூங்குகிறது என்றார்கள்

பாதி நறுக்கிய வெங்காயத்தைப் பலகையிலேயே விட்டுவிட்டு அக்கா எழுந்தாள். “ரெண்டு வரி எழுதிட்டு வந்துடறேன்டி.”

“ஆபீஸ்ல வாங்கற திட்டு பத்தலையா? வீட்டுலயும் உன்னை நீயே திட்டி எழுதிக்கணுமா?” என்றாள் தங்கை.

“அதுக்குத் தனியா ஆள் வைக்க மாட்டேங்கறாங்களே.”

குழந்தைகள் நலத்துறையில் அவளுக்குப் பதினாறு வருடம். ஒரு வீட்டுக்குப் போய்வந்தால், அலுவலக அறிக்கை போக, சொந்த நோட்டில் நடுவே கோடு போட்டு எழுதுவாள். இடப்பக்கம், பார்த்தது. வலப்பக்கம், அப்போது தன் மனதில் ஓடியது.

வெங்காயத்தை நறுக்கி முடித்துவிட்டுத் தங்கை கூப்பிட்டாள். பதில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அக்கா போயிருந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

மறுநாள் காலை, உடல் கூடத்தில் இருந்தது. இறப்புச் சான்றிதழுக்காகத் தங்கை அடையாள அட்டை தேடியபோது மேஜைமேல் அந்த நோட்டு திறந்தபடியே கிடந்தது.

இடப்பக்கம்: ‘மூன்றாவது முறை. குழந்தை தூங்குகிறது என்றார் தாய். டீ கொடுத்தார்.’

வலப்பக்கம்: ‘மூன்று முறையும் அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. ஏன்? அவள் என்னிடம் பிரியமாகப் பேசுகிறாள். அறையைத் திறக்கச் சொன்னால் அந்த முகம் மாறிவிடும் என்று பயந்திருக்கிறேன். நாளை சொல்லாமல் போக வேண்டும். குழந்தையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.’

நாளை என்பது இன்று.

தோளுக்குப் பின்னால் நின்று சித்தப்பாவும் படித்துவிட்டார். “மூடி உள்ள வைம்மா. வெளிய தெரிஞ்சா எல்லாத்தையும் செத்தவ தலையில கட்டிடுவானுங்க.”

அவள் மூடினாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பூக்களோடு வந்த அக்காவின் மேலதிகாரியிடம் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலதிகாரி இரண்டு முறை படித்தார்.

“திங்கக்கிழமை நானே போறேம்மா. இன்னிக்கு இவங்கள அனுப்பிட்டு...”

“அவளை நாங்க தூக்கிடுவோம் சார். நீங்க போங்க.”

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் போனார்.

எல்லாம் முடிந்து திரும்பி, கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

“குழந்தை ஆஸ்பத்திரியில இருக்கும்மா. பொழச்சுக்கும்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “கை ஒடிஞ்சு பத்து நாள் இருக்கும்ங்கறார் டாக்டர். அந்த வீட்டுக்கு உங்கக்கா முதல்ல என்னிக்குப் போனாங்க?”

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டின் பக்கங்களைத் திருப்பினாள். தேதியைச் சொன்னாள். இருபத்திரண்டு நாளுக்கு முன்னால்.

 “சரியாப் பாருங்கம்மா” என்றார் அவர்.

ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தாள்.

அதே தேதிதான்.